ஐ.சி.டி. விசா முடியப்போகிறது, மச்சானும் டர்பன் வரத் துடிக்கிறார்: எதை முதலில் கவனிப்பது?

தென்னாப்பிரிக்காவின் மிட்ரண்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், பி.இ. படித்தவர், சாஃப்ட்வேர் டெவலப்பராக ஒன்பது வருட அனுபவம். சென்னைக் கம்பெனி தன் தென்னாப்பிரிக்கக் கிளைக்கு அனுப்பிவைக்க, ஐ.சி.டி. விசாவில் (கம்பெனிக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றும் விசா) வந்தவர், அது முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. இங்கேயே வேறொரு கம்பெனி ஆண்டுக்கு 7.8 லட்சம் ராண்ட் தந்து எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறதாம். "இருக்கிற விசாவையே நீட்டிக்கலாமா, இல்லை ஜெனரல் வொர்க், கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் இரண்டில் எதற்காவது போடுவதா? மனைவி நர்சிங் படித்தவர், அவரும் வேலைக்குப் போக முடியுமா? திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மச்சானுக்கு டர்பனில் தொழில் தொடங்க ஆசை. விசிட் விசாவில் போய் இறங்குங்கள், அங்கேயே பிசினஸ் விசாவாக மாற்றித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் முன்பணமும் வாங்கிவிட்டார், இது நடக்குமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போய்க்கொண்டிருப்பது அங்கேதான். நடக்காது. விசிட்டர் விசாவில் உள்ளே வந்தவர் இங்கிருந்தபடியே வேறு விசாவுக்கு மாற முடியாது என்பது 2014-இல் இறுக்கப்பட்ட விதி. விலக்கு இருக்கிறது, ஆனால் அது இந்நாட்டுக் குடிமகன் அல்லது பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வைத்திருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும், வொர்க் விசா அல்லது பிசினஸ் விசாவில் இருப்பவரோடு துணையாக வந்த மனைவி, கணவன், பிள்ளைகளுக்கும், இன்னும் சில பேருக்கும்தான். மச்சான் என்ற உறவு அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியும் ஏஜென்ட் ஒரு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்தால், அதுதான் பெரிய ஆபத்து. போலி விசாவோடு பிடிபட்டால் குடிவரவுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்ட நபர் ஆகிவிடுவார், எனக்குத் தெரியாது, ஏஜென்ட்தான் செய்தார் என்ற விளக்கத்தை அந்த இடத்தில் யாரும் காதில் வாங்குவதில்லை. சரி, ஸ்டிக்கர் வரும் வரும் என்று காத்திருந்து கெடு தாண்டிவிட்டால்? 30 நாளுக்குள் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் போனால் ஐந்து வருடம் இந்தப் பக்கம் தலைவைக்க முடியாது.

இனி உங்கள் விஷயம்.

ஐ.சி.டி. விசாவை நீட்டிக்க முடியாது. அதிகபட்சம் நான்கு வருடம், அதோடு முடிந்தது. ஒரே கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து இங்கே ஆள் அனுப்பி, வேலையை இங்குள்ளவர்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட விசா அது. ஆனால் விசிட்டர் விசா போல இதற்குப் பூட்டு கிடையாது, நாட்டுக்குள் இருந்தபடியே வேறு வகைக்கு விண்ணப்பிக்கலாம். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பாகவாவது விண்ணப்பம், அரசுக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ்.ஸுக்குப் போயிருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் நீங்கள் இந்த மாதமே ஆரம்பிப்பது நல்லது, காரணம் கீழே வருகிறது.

ஜெனரல் வொர்க் விசாவுக்கு 2024 அக்டோபரில் புள்ளி முறை வந்துவிட்டது. மொத்தம் 100 புள்ளி எடுக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். இந்நாட்டுத் தகுதி வரிசையில் 7 அல்லது 8-ஆம் படியில் உள்ள பட்டத்துக்கு 30 புள்ளி, உங்கள் பி.இ. அங்கேதான் விழும். 5 முதல் 10 வருட அனுபவத்துக்கு 20. சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 6.5 லட்சத்திலிருந்து 9.76 லட்சம் ராண்ட் வரை என்றால் 20. ஆட்சிமொழி ஒன்று தெரிந்தால் 10, ஆங்கிலம் போதும். (நம் தமிழின் பெயர் இந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக, ஆனால் அதற்குப் புள்ளி தர மாட்டார்கள்!) ஆக மொத்தம் 80. இருபது குறைகிறது.

இந்த இருபதை எங்கே பிடிப்பது? அனுபவம் பத்து வருடத்தைத் தாண்டினால் 30 ஆகும், அப்போதும் 90-இல் நின்றுவிடும். சம்பளம் 9.76 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மட்டும் 50 புள்ளி, மொத்தம் 110, தப்பித்தீர்கள், ஆனால் 7.8 தருகிறேன் என்ற முதலாளி விசாவுக்காக இரண்டு லட்சம் ஏற்றித் தருவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும், தாளில் மட்டும் ஏற்றிக் காட்டும் யோசனை வேண்டவே வேண்டாம், வருமான வரிக் கணக்கில் அது வெளியே வந்துவிடும். எம்.இ. முடித்திருந்தால் 9-ஆம் படி, பட்டத்துக்கே 50 கிடைத்துச் சரியாக 100-ஐத் தொட்டிருப்பீர்கள். இன்னொரு வழி, புதுக் கம்பெனி, நம்பகமான முதலாளிகளை அரசு பதிவுசெய்யும் 'டிரஸ்டட் எம்ப்ளாயர்' திட்டத்தில் பதிவானதா என்று அவர்கள் ஹெச்.ஆரிடம் கேளுங்கள், அதற்கு 30 புள்ளி. பெரிய கம்பெனிகள் சில அதில் இருக்கின்றன. தயங்காமல் கேட்டுவிடுங்கள், இது ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாமல் போகலாம். சாஃப்ட்வேர் டெவலப்பர் என்ற வேலை, நாட்டுக்கு அவசியமான திறமைகள் என்று அரசு வெளியிடும் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள வேலைக்கு 100 புள்ளியும் ஒரே அடியில் கிடைத்துவிடும், மற்றதைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், விசாவும் ஐந்து வருடம் வரை கிடைக்கும். அதனால் என் பதில் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்தான். அதற்குத் தகுதி இருந்தும் சறுக்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்று, வேலையின் பெயர். ஐ.டி. கம்பெனிகளில் எல்லாரும் சீனியர் கன்சல்டன்ட், டெலிவரி லீட், அசோசியேட் என்று ஏதோ ஒரு பட்டத்தோடு இருக்கிறார்கள், பட்டியலிலோ அப்படி ஒரு வேலை கிடையாது. ஒப்பந்தத்தில் இருக்கும் பதவிப் பெயரும், அதற்குக் கீழே எழுதியிருக்கும் பொறுப்புகளும் பட்டியலில் உள்ள வேலையோடு பொருந்த வேண்டும். டெவலப்பர் என்று போட்டுவிட்டு, கீழே ஆள் மேய்ப்பதையும் கஸ்டமர் மீட்டிங்கையும் பொறுப்பாக எழுதியிருந்தால் அதிகாரி யோசிப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஹெச்.ஆரோடு உட்கார்ந்து, நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை உள்ளபடி எழுத வையுங்கள். போட்ட பிறகு திருத்தினால் இரண்டு விதமான கடிதங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், அது இன்னும் மோசம்.

இரண்டாவது, படிப்பு. பி.இ. என்றீர்கள், எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. நம் ஊரில் மெக்கானிக்கலும் சிவிலும் படித்துவிட்டு ஐ.டி.க்கு வந்தவர்கள்தானே பாதிப் பேர். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் இந்நாட்டு அமைப்பான சாக்வா, உங்கள் பட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று சான்றிதழ் கொடுக்கும், அந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பது விசா தரும் ஹோம் அஃபேர்ஸ் துறை கேட்கக்கூடிய தனிக் கேள்வி. கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் பிரச்சினை இல்லை. வேறு பிரிவு என்றால், இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனியிடமும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன மொழியில், என்ன எழுதினீர்கள் என்று விவரமான அனுபவக் கடிதம் வாங்கி வையுங்கள்; வெறும் ரிலீவிங் லெட்டர் பத்தாது. இங்குள்ள ஐ.டி. தொழில்முறை அமைப்பான ஐ.ஐ.டி.பி.எஸ்.ஏ.யில் மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று வாங்கி இணைத்தால் கை வலுக்கும்.

சாக்வாவுக்கு உங்கள் பல்கலைக்கழகமும் பட்டம் உண்மைதான் என்று பதில் சொல்ல வேண்டும், நம் பல்கலைக்கழகங்கள் கடிதத்துக்குப் பதில் போடும் வேகம் உங்களுக்கே தெரியும். பத்து மாதம் என்பது நிறைய என்று நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஆனால் எல்லாவற்றையும் இன்றே வாங்கி அடுக்கிவிடவும் கூடாது, போலீஸ் கிளியரன்ஸும் மருத்துவ அறிக்கையும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. வரிசை இப்படி இருக்கட்டும்: பாஸ்போர்ட் முதலில், ஏனென்றால் அது முடியும் தேதியைத் தாண்டி விசா தர மாட்டார்கள், ஐந்து வருட விசா வேண்டுமென்றால் அதற்கேற்ற ஆயுள் அதில் இருக்க வேண்டும். கூடவே சாக்வா. அது கைக்கு வரும் நேரம் பார்த்து, இந்தியாவுக்கு இந்தியத் தூதரக வழியாகவும், இந்த நாட்டுக்கு இங்குள்ள போலீஸின் பிரிட்டோரியா அலுவலகத்திலும் கிளியரன்ஸ். மருத்துவ அறிக்கை கடைசியில்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், புது விசா கையில் வரும் வரை புதுக் கம்பெனியில் போய் உட்காராதீர்கள். உங்கள் ஐ.சி.டி. விசா பழைய கம்பெனியோடு கட்டுப்பட்டது. வி.எஃப்.எஸ். ரசீது இருக்கிறதே, ஆரம்பித்துவிடலாம் என்று புது முதலாளி அவசரப்படுத்துவார், விண்ணப்பித்த ரசீது வேலை செய்ய அனுமதி ஆகாது. அகப்பட்டால் அவருக்கு அபராதம் வரலாம், உங்களுக்கு நாடே போய்விடும். பழைய வேலையை எப்போது விடுவது என்பதையும் இதோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பி.ஆர். பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வொர்க் விசாவில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்து நிரந்தர வேலையும் கையில் இருந்தால் 26-ஆம் பிரிவில் கேட்கலாம், கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்காரர்களுக்கு ஐந்து வருடத் துறை அனுபவத்தை வைத்து 27-ஆம் பிரிவில் தனி வழியும் இருக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டிய சங்கதி அது, அவ்வளவு காலம் எடுக்கும்.

மனைவிக்கு வருவோம். உங்களோடு துணையாக வந்த விசாவில் அவர் வேலை பார்க்கக் கூடாது, சம்பளம் இல்லாத டிரெயினிங் என்று சொன்னாலும் கூடாது. ஆனால் மேலே சொன்ன விலக்கு அவருக்குப் பொருந்தும், ஊருக்குப் போகாமல் இங்கிருந்தே தனக்கென்று ஒரு வொர்க் விசா கேட்கலாம். நர்ஸ் என்பதால் கூடுதலாக இரண்டு கதவு தட்ட வேண்டும்: நர்சிங் கவுன்சிலில் பதிவு, சுகாதாரத் துறையில் வெளிநாட்டுப் பணியாளர்களைக் கவனிக்கும் பிரிவின் ஒப்புதல் கடிதம். மெதுவாக நகரும் பாதை. உங்கள் விசா வேலை முடியட்டும் என்று அவர் காத்திருக்காமல் இந்த வேலைகளை இப்போதே தொடங்கலாம்.

மச்சானின் பிசினஸ் விசாவுக்கு மறுபடி வருகிறேன். ஐந்து மில்லியன் ராண்ட் முதலீடு, வேலைக்கு வைப்பவர்களில் 60 சதவீதம் பேர் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லது பி.ஆர். உள்ளவர்கள், வர்த்தகத் தொழில் துறையின் பரிந்துரைக் கடிதம், இவை மூன்றும்தான் அடிப்படை. பணம் இருப்பதை இங்குள்ள பதிவு பெற்ற கணக்காளர் சான்று செய்ய வேண்டும். நாட்டு நலனுக்குத் தேவை என்று குறித்திருக்கும் தொழில்களுக்கு இந்த ஐந்து மில்லியனைக் குறைக்கவோ தள்ளவோ இடமுண்டு, அதில் ஆடை, ஜவுளி உற்பத்தி இருக்கிறது. திருப்பூர்க்காரருக்கு நல்ல செய்திதான், ஆனால் உற்பத்தி என்றால் இங்கே மெஷின் போட்டு இங்கே தைக்க வேண்டும். டர்பனில் தையல் தொழிற்சாலை நம்மவர்களுக்குப் புதிதல்ல, அங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் பாட்டிமார் அந்த மெஷின்களில் உட்கார்ந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பிறகு மலிவு இறக்குமதி வந்து பல மூடின. இன்றைக்கு ஆரம்பிப்பவர் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து பேசும் இத்துறையின் பேரக் கவுன்சில் நிர்ணயிக்கும் கூலியைக் கொடுக்க வேண்டும், திருப்பூர் பீஸ் ரேட் கணக்கு இங்கே ஓடாது.

திருப்பூரில் தைத்துக் கொண்டுவந்து இங்கே விற்பதுதான் திட்டம் என்றால் அது உற்பத்தி அல்ல, முதலீட்டுச் சலுகை எதிர்பார்க்க முடியாது, தைத்த ஆடைக்கு 45 சதவீத இறக்குமதி வரியும் அதன் மேல் 15 சதவீத வாட்டும் விழும். அதோடு இந்தியாவிலிருந்து பணம் கொண்டுவருவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை ஏஜென்ட்கள் சொல்வதே இல்லை: இந்திய ரிசர்வ் வங்கி ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் அனுமதிப்பது 2,50,000 டாலர், சில வருடங்களாக இருக்கும் ராண்ட் விலையில் அது ஐந்து மில்லியனை எட்டுவதில்லை. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரிக்கலாம், அல்லது கம்பெனி பெயரில் வெளிநாட்டு முதலீடாகக் கொண்டுவரலாம். இரண்டுக்கும் நல்ல ஆடிட்டர் வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும்போது வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும், கணக்குக் காட்டும்போது கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

என்னைக் கேட்டால் மச்சானுக்கு இப்போது பிசினஸ் விசாவே தேவையில்லை. கடைக்காரர்களைப் பார்த்து, சாம்பிள் காட்டி, ஆர்டர் பேசுவதற்கு முறையான விசிட்டர் விசா போதும், ஆனால் விண்ணப்பத்தில் வியாபாரப் பேச்சுக்குத்தான் வருகிறேன் என்று உள்ளதைச் சொல்லி, இங்குள்ள வாடிக்கையாளரின் அழைப்புக் கடிதத்தையும் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு முறை வந்து போய், ஆர்டர் நிலைத்த பிறகு இங்கே தைப்பதில் லாபம் உண்டா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஏஜென்ட்டிடம் போன முன்பணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. என்ன விசா, எந்தப் பிரிவில், எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியும் அதே செய்தியில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்திருந்தால், பணத்துக்கு முன்னால் அதைத் திரும்ப வாங்குங்கள்.