எலிக்குக் கூடிய தசைநாண் உங்களுக்கும் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 41. வாரம் நாலு நாள் ஷட்டில் ஆடுவேன். எட்டு மாதமாக வலது குதிகாலுக்கு மேலே தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) வலி. ஜிம் டிரெய்னர் பிபிசி-157 என்ற பெப்டைடு ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். எலிக்கு அறுந்த தசைநாணே கூடிவிட்டது என்று ஆய்வுக் கட்டுரையும் அனுப்பினார். ‘99 சதவீதம் சுத்தம்’ என்று லேப் சான்றிதழும் வைத்திருக்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் வெறுமனே ‘வேண்டாம்’ என்று நிறுத்தினால் நீங்கள் மறுபடி டிரெய்னரிடம்தான் போவீர்கள். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

அவர் அனுப்பிய கட்டுரை பொய்யல்ல. பிபிசி-157 என்பது, புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் 15ஐ வரிசையாகக் கோத்து ஆய்வகத்தில் செய்யும் பெப்டைடு. குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிகிரிச்சின் குழு 1990களின் தொடக்கத்திலிருந்து இதை ஆராய்ந்து வருகிறது. 2003இல் வெளியான அவர்களின் சோதனையில், குதிகால் தசைநாண் வெட்டப்பட்ட எலிகளில் பெப்டைடு பெற்றவற்றுக்கு, வெறும் உப்புநீர் பெற்றவற்றைவிடக் காயம் நன்றாக ஆறியது. தைவானிலும் ஒரு குழு எலித் தசைநாண் செல்களில் சாதகமான பலனைக் கண்டது. ஆக, இதில் ஏதோ இருக்கிறது. அது உங்கள் காலுக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி.

கட்டுரையில் ‘செய்முறை’ என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். ஊசி விற்பவர்கள் யாரும் அதைக் காட்டுவதில்லை. ஆரோக்கியமான எலியின் தசைநாணைக் குறுக்கே வெட்டுகிறார்கள். வெட்டிய 30 நிமிடத்தில் முதல் ஊசி, வயிற்றுக்குள். அப்புறம் தினமும் ஒன்று. உங்கள் காலை யாரும் வெட்டவில்லை. எட்டு மாதமாக உரசித் தேய்ந்து, நார்கள் கலைந்து, தடித்துப்போயிருக்கும் தசைநாண் உங்களுடையது. புது வெட்டுக்காயம் ஆறுகிற விதம் வேறு, நாள்பட்ட தேய்மானம் வேறு. புது ரத்தக் குழாய்களை வளர்க்கும் என்பதைத்தான் இந்தப் பெப்டைடின் பெருமையாகச் சொல்கிறார்கள். நாள்பட்ட குதிகால் வலிக்காரர்களுக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், ஏற்கெனவே பலருக்கு வேண்டாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்திருப்பது தெரியும். இன்னும் வளர்த்துவிட்டால் வலி குறையுமா, கூடுமா? அந்த எலிகளிடம் இதற்குப் பதில் இல்லை.

அதே சோதனையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள், 10 பைகோகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். இருந்தும் பலன் தெரிந்தது என்கிறார்கள். அளவு இவ்வளவு குறைந்தால் பலனும் குறைய வேண்டுமே என்று மருந்தியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் புருவம் உயரும். டிரெய்னர் எலிக்கான அளவை உங்கள் எடையால் பெருக்கித்தான் கணக்குச் சொல்லியிருப்பார். அப்படிப் பெருக்கவே கூடாது. எலியின் உடம்பு மருந்தைச் செலவழிக்கும் வேகம் வேறு.

மனிதர்களில் பார்த்தார்களா என்றால், 2015இல் 42 பேரை வைத்து ஒரு முதல்கட்டச் சோதனை பதிவாயிற்று. முடிவு வெளியாகவே இல்லை. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மளிகைக் கடைக்காரர் கணக்குக் காட்டாவிட்டால் நோட்டீஸ் வருகிறது. மனிதர்கள் மேல் மருந்தைச் சோதித்துவிட்டு முடிவை அமுக்கினால் கேட்பாரில்லை. அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் டிரெய்னரைப் போன்றவர்கள் கடை விரிக்கிறார்கள்.

இப்போது அந்தக் குப்பிக்கு வருவோம். லேபிளில் பொடி எழுத்தில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று இருக்கிறதா, பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். விற்பவர் தப்பித்துக்கொள்ள அந்த ஒரு வரி போதும். 99 சதவீதம் என்பது, கருவிக்குத் தெரிந்த பெப்டைடுப் பொருட்களில் 99 பங்கு இந்தப் பெப்டைடு என்று மட்டுமே சொல்லும். பவுடரில் உப்பும் ஈரமும் எவ்வளவு என்று சொல்லாது. கிருமி இல்லை என்று சொல்லாது. பாக்டீரியா செத்தபிறகும் மிஞ்சி, காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும் எண்டோடாக்சினைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. ஊசி மருந்துக்கு இவைதான் முக்கியம். சான்றிதழில் இருக்கும் தொகுப்பு எண்ணையும் குப்பியின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குப்பியில் எண்ணே இல்லாவிட்டால், ஒரே பிடிஎஃப்பை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘இது டிரையல் சார், நீங்களும் பங்கேற்கலாம்’ என்று பணம் கேட்டால் இன்னும் உஷாராக இருங்கள். முறையான சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும், சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணும் இருக்கும். ஜிம் கவுண்டரில் காசு வாங்க மாட்டார்கள்.

‘அப்படியானால் பெப்டைடு ஊசி எல்லாமே ஏமாற்றா?’ என்று கேட்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் டெரிபாரடைடும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது, இங்கேயும் டாக்டர் சீட்டில் கிடைக்கிறது. அதன் கதையில் எலி எதிர்ப்பக்கம் நின்றது. நீண்டகாலம் ஊசி போட்ட எலிகளுக்கு எலும்புப் புற்று வந்ததால், மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போட்டே விற்றார்கள். ஆண்டுக்கணக்காக நோயாளிகளைக் கவனித்ததில் அப்படி ஆபத்து கூடவில்லை என்று தெரிந்து, 2020இல் எச்சரிக்கையை எடுத்தார்கள். எலி பயமுறுத்தியபோதும் மனிதர்களைப் பார்த்தபிறகே முடிவுக்கு வந்தார்கள். அது எலும்பு மருந்து, உங்கள் தசைநாணுக்கு அல்ல. அதைக் கேட்டு மருந்துக்கடைக்கும் போய்விடாதீர்கள்.

பிபிசி-157க்கு இந்தியாவில் மருந்தாக அனுமதி இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022இலிருந்து இதைப் பெயர் சொல்லித் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. நீங்கள் போட்டிகளில் ஆடுபவர் என்றால் அதுவும் சிக்கல்தான்.

உங்கள் வலிக்குச் செலவில்லாத சிகிச்சை இருக்கிறது. படியின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். 1998இல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு சொன்ன முறை இது: 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை, காலையும் மாலையும், 12 வாரம். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரபிஸ்ட் பார்வையில் தொடங்குங்கள். ‘டப்’பென்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். வலி தொடங்குவதற்கு முன் சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டீர்களா? அவை தசைநாணைப் பலவீனப்படுத்தும். நிறுத்தி மாதக்கணக்கு ஆனபிறகுகூட வலியைக் கொண்டுவரும். சாப்பிட்டிருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.