1978 அம்பாசடர்: மார்க் 3-ஆ, மார்க் 4-ஆ?

வணக்கம். வாங்கும் அம்பாசடர் காரின் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) ஆண்டு 1978, முன்முகம் மட்டும் அடுத்த மாடலான மார்க் 4 போல இருக்கிறது, விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மார்க் 3 வந்தது 1975-இல், மார்க் 4 வந்தது 1979-இல். ஆகவே உங்களுடையது பிறப்பில் மார்க் 3. கிரில்லும் (முன்பக்கக் கம்பித் தடுப்பு) விளக்குகளும் கழற்றி மாட்டக்கூடியவை. முன்பக்கம் அடிபட்டால் கையில் கிடைத்த புது மாடல் கிரில்லைப் போட்டு அனுப்புவது பட்டறைகளில் சகஜம்.

முகத்தை விடுங்கள், இன்ஜினைப் பாருங்கள். உங்கள் வண்டிக்குரியது 1489 சிசி பெட்ரோல். அம்பாசடரில் டீசல் வந்ததே 1980 வாக்கில்தான். உள்ளே டீசல் இருந்தால் அது பிற்பாடு மாற்றியது. 1817 சிசி என்றால் தொண்ணூறுகளின் இசுசு இன்ஜின். இன்ஜின் பிளாக்கில் (இன்ஜினின் இரும்பு உடலில்) பொறித்த எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் (அடிச்சட்ட) எண்ணையும் அப்படியே. இன்ஜின் மாற்றம் ஆர்சியில் ஏறாமல் இருந்தால், பணம் முழுவதும் கொடுக்கும் முன் விற்றவரையே ஆர்டிஓவில் பதியச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தலைவலி உங்களுடையது.

வண்டியோடு வந்த அசல் இன்ஜினே இருந்தால் தயவுசெய்து மாற்றாதீர்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் விண்டேஜ் (பழம்பெரும் வண்டி என்ற) பதிவு. மார்க் 3 கிரில்லைப் பிறகு நிதானமாகத் தேடலாம்.