நின்றிருக்கும் லாரி ரேடாருக்குத் தெரியாதா?

கேள்வி: என் புதிய காரில், முன்னால் செல்லும் வாகனத்துக்கு ஏற்பத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல் இருக்கிறது. ஆனால் நின்றிருக்கும் வாகனத்துக்கு அது பிரேக் போடாமல் போகலாம் என்று கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். ஓடும் காரை உணரும் ரேடாருக்கு நிற்கும் லாரி தெரியாதா?

பதில்: தெரியும். ஆனால் அது லாரிதானா என்று உறுதி செய்வது கடினம். 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் இந்த ரேடார், அலை திரும்பி வரும் நேரத்திலிருந்து தொலைவையும், டாப்ளர் விளைவிலிருந்து (நெருங்கும் அல்லது விலகும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவது) சார்பு வேகத்தையும், அதாவது அது உங்களை நெருங்கும் வேகத்தையும், கணக்கிடுகிறது. நீங்கள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, 90 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் உங்களை 10 கி.மீ. வேகத்தில்தான் நெருங்குகிறது என்பதால் தனித்துத் தெரிகிறது. பெயர்ப்பலகை, மேம்பாலம், தடுப்புக் கம்பி எல்லாம் நிற்கும் லாரியைப் போலவே 100 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன. உயரத்தைச் சரிவரப் பிரித்தறியாத ரேடார் ஒவ்வொரு பலகைக்கும் பிரேக் போட்டால், பின்னால் வருபவர் மோதிவிடுவார். அதனால்தான் நிற்பவற்றைப் பொருட்படுத்தாமல் விடும்படி வடிவமைத்தார்கள். இப்போது கேமராவும் சேர்ந்திருப்பதால் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் முன்னால் சென்ற கார் சட்டென்று ஒதுங்கி, அதற்கு அப்பால் நிற்கும் லாரி வெளிப்படும் தருணம் இன்றும் ஆபத்தானதே.

இன்னொரு வரம்பும் உண்டு. இவ்வகை குரூஸ் கண்ட்ரோலுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15622-இன்படி, அதிவேகத்தில் இக்கருவி தரும் வேகக்குறைப்பு, ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்குச் சுமார் 3.5 மீட்டர் குறைவது என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். அந்த அளவில் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்பதற்கு 110 மீட்டர் தேவைப்படும். நீங்கள் முழு பலத்துடன் பிரேக்கை மிதித்தால் அதில் பாதித் தொலைவுக்குள் நின்றுவிடலாம். ஆகவே உங்கள் கால் பிரேக்கின் அருகிலேயே இருக்கட்டும்.

கேள்வி: முன்னால் செல்லும் காருடன் விட வேண்டிய இடைவெளியை இக்கருவி மீட்டரில் காட்டாமல் சில கோடுகளாகக் காட்டுவது ஏன்?

பதில்: அக்கோடுகள் நேரத்தைக் குறிக்கின்றன. 1.5 நொடி என்றால், 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 42 மீட்டர், 50 கி.மீ. வேகத்தில் 21 மீட்டர். நேரத்தை மிகவும் குறைத்தால், முன்னவர் லேசாக வேகம் குறைத்தாலும், கருவி உணர்ந்து செயல்படுவதற்குள் இடைவெளி சுருங்கி, அதை ஈடுகட்ட அடுத்தடுத்த கார் மேலும் மேலும் வேகம் குறைக்க, வரிசையின் கடைசிக் கார் நின்றே போகலாம். விற்பனையில் உள்ள கார்களை வரிசையாக ஓட்டிச் சோதித்தபோதும் இந்த வேகக்குறைப்பு அலைபோலப் பின்னோக்கிப் பெருகியிருக்கிறது. எனவே யாராவது இடையில் புகுந்துவிடுவார்களே என்று தயங்காமல் நீண்ட இடைவெளியையே தேர்ந்தெடுங்கள். புகுந்த வாகனத்துக்கு ஏற்பக் கருவி மெல்லப் பின்வாங்கிக்கொள்ளும்.