ஹோப்வெல் பாறைகளில் கடல் வற்றவில்லை. 21,600 டொலரும் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா, அப்பாவையும் சேர்த்து நாங்கள் நால்வர் கடந்த செப்டம்பரில் 12 நாள் சொகுசு பஸ் சுற்றுலா போனோம். நயாகரா, ஒட்டாவா, மொன்றியல், கியூபெக் நகரம், நியூ பிரன்சுவிக், ஹலிஃபக்ஸ் எல்லாம் சேர்த்து 21,600 டொலர். தடூசாக்கில் மூடுபனி, ஒரு திமிங்கிலம்கூடக் கண்ணில் படவில்லை. இலைகள் சிவக்கவே இல்லை. கியூபெக்கில் ஆற்றைப் பார்த்த அறை கிடைக்கவில்லை. வழிகாட்டி அப்பாவிடம் எரிந்து விழுந்தார். நியூ பிரன்சுவிக்கின் ஹோப்வெல் பாறைகளில், கடல் வற்றும்போது கடலடியில் நடக்கலாம் என்றார்கள். நாங்கள் போன நேரம் கடல் நிறைந்து நின்றது. நிறுவனம் 1,200 டொலர் காசோலை, அல்லது அடுத்த பயணத்தில் 2,000 டொலர் கழிவு தருவதாகச் சொல்கிறது. அப்பாவின் மனவேதனைக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் கேட்டு வழக்குப் போடலாமா? — வாசகர், மார்க்கம்

பதில்: திமிங்கிலம், இலை, அறை, வழிகாட்டி ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். பனியும் இலையும் எவர் கையிலும் இல்லை. உங்கள் பற்றுச்சீட்டில் ஹோட்டலின் பெயர்தான் இருக்கிறது. ஆற்றைப் பார்த்த அறை என்று ஒரு சொல்லும் இல்லை. வழிகாட்டியின் கோபத்துக்கு நீதிமன்றம் விலை போடாது.

நீங்கள் அனுப்பிய பயணத்திட்டத்தில் ஒன்பதாம் நாளுக்கு எதிரே உள்ள ஒரு வரிதான் உங்கள் வழக்கு: 'ஹோப்வெல் பாறைகள், கடல் வற்றிய நேரத்தில் கடலடியில் நடை.' 'இயற்கை நிலைமைகளால் திட்டம் மாறலாம்' என்ற நிபந்தனையை நிறுவனம் காட்டும். அது மூடுபனிக்குப் பொருந்தும், வற்றுப்பெருக்குக்குப் பொருந்தாது. ஹோப்வெல் பாறைகள் இருக்கும் ஃபண்டி விரிகுடாவில் கடல் எப்போது வற்றும் என்பது அட்டவணையாக முன்கூட்டியே வெளியாகிறது. வற்றுவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பிருந்து மூன்று மணி நேரம் பின்பு வரை கீழே நடக்கலாம். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையைப் பார்க்காமல் பஸ்ஸை அனுப்பியது நிறுவனத்தின் கவனக்குறைவு. மூடிய படிக்கட்டின் முன் அம்மா நிற்கும் உங்கள் படத்தில் நேரம் பதிவாகியிருக்கிறது. அன்றைய அட்டவணையை அதன் பக்கத்தில் வையுங்கள். வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் அந்த வரியின் பெறுமதி 21,600 டொலர் அல்ல. நால்வருக்கு 12 நாள் என்றால், ஒருவருக்கு ஒரு நாள் 450 டொலர். நால்வருக்கும் ஒரு முழு நாள் 1,800 டொலர். நீங்கள் இழந்தது அந்த நாளில் ஒரு பகுதி. பயணத்தை முடித்து, ஹோட்டல்களில் தங்கி, சாப்பிட்டுத் திரும்பியவருக்கு எந்த நீதிபதியும் முழுப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார். மனவேதனையையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. மன நிம்மதிக்கென்றே செய்யப்பட்ட ஒப்பந்தம் முறிந்தால் அதற்கும் நட்டஈடு உண்டு என்று 2006இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு காப்புறுதி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு நடை தவறியதற்காகப் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

என் கட்சிக்காரர்கள் விழும் குழி இனிமேல்தான் வருகிறது. கோபத்தில் முழுத் தொகைக்கும் வழக்குப் போடுவார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு வாதமும் செய்யாமல், அதே 1,200 டொலரைச் சமரசத் தொகையாக எழுத்தில் மறுபடி வைப்பார். விசாரணைக்கு ஏழு நாளுக்கு முன்பே அது உங்கள் கைக்கு வந்து, நீங்கள் மறுத்து, கடைசியில் தீர்ப்பும் 1,200 டொலரையோ அதற்குக் குறைவாகவோ தந்தால், வழக்கில் வென்றும் எதிர்த்தரப்பின் செலவை நீங்கள்தான் கட்ட நேரும். ஒன்ராறியோ சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்குச் செலவு பொதுவாகக் கோரிய தொகையில் 15 சதவீதம் வரை. சமரசத்தை மறுத்தவர் மீது அதன் இரு மடங்கு வரை சுமத்தலாம். 21,600 டொலருக்கு 15 சதவீதம் 3,240. இரு மடங்கு 6,480. கேட்கும் தொகையைக் கூட்டக் கூட்ட இந்த ஆபத்தும் கூடும். 900 டொலர் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரிக்குக் காசோலை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் உங்களைப் போல நியாயம் தங்கள் பக்கம் உள்ளவர்கள்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பயணத்துறை ஒழுங்காற்றுச் சபையான டிக்கோவின் இழப்பீட்டு நிதியையும் நம்ப வேண்டாம். அது நிறுவனம் நொடித்துப்போனவர்களுக்கானது. சேவைக் குறைபாட்டுக்குப் பணம் தராது. முகநூலில் 'மோசடிக்காரர்கள்' என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை இன்றே நீக்குங்கள். அவதூறு வழக்கு வந்தால் மோசடி நடந்ததை நிரூபிக்கும் சுமை உங்களுடையது; கையில் இருப்பதோ கவனக்குறைவுக்கான ஆதாரம் மட்டும்.

சமரசத்துக்குப் போங்கள். படத்தையும் அட்டவணையையும் இணைத்து 1,800 டொலர் கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். 1,500 வந்தால் வாங்குங்கள். 1,200க்கு மேல் அசையாவிட்டால் 1,200ஐயே வாங்குங்கள். கழிவு வேண்டவே வேண்டாம். அதைப் பயன்படுத்த இதே நிறுவனத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். பணம் தரும்போது, இனி எதுவும் கோரமாட்டோம் என்ற விடுவிப்புப் பத்திரத்தில் நால்வரின் கையெழுத்தையும் கேட்பார்கள். அம்மாவும் அப்பாவும் ஊர் திரும்பிவிட்டதால், அவர்களின் ஒப்புதலை முதலில் எழுத்தில் வாங்கி வையுங்கள்.