செம்பனை ஆலைக் கழிவுநீர் பற்றி நிபுணர்கள் பேசும் கூட்டத்தில் தோட்டத்து மக்கள் என்ன கேட்கலாம்?

தாராளமாகப் போங்கள். நெகிரி செம்பிலானில் பஹாவ் பக்கம் உங்கள் ஊர் மண்டபத்தில் நிபுணர்கள் பேசுகிறார்கள், அங்கே நமக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துவது நாம்தானே.

முதலில் பி.ஓ.டி. எவ்வளவு என்று கேளுங்கள். கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற கணக்கு அது. ஆலையிலிருந்து சூடாக, பழுப்புக் கூழாக வரும் கழிவில் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் இருக்கும். மலேசியாவின் 1977 செம்பனை ஆலை விதிமுறைகளின்படி ஆற்றில் விடும்போது 100ஐத் தாண்டக்கூடாது, சில இடங்களில் இன்னும் கறார். இடையில் அதைக் குறைப்பது வரிசையாக வெட்டிய குளங்கள். விஷயமே இங்கேதான்: அடியில் சேறு ஏற ஏற குளத்தின் கொள்ளளவு குறையும், கழிவு தங்கும் நாளும் குறையும், பாக்டீரியா வேலையை முடிப்பதற்குள் தண்ணீர் வெளியே போய்விடும். அதனால் கடைசியாகச் சேறு வாரியது எப்போது, மாதிரி எடுத்தது எந்த இடத்தில், மழைக்குப் பிறகா முன்பா என்று விடாமல் கேளுங்கள்.

அப்புறம் மீத்தேன், அதாவது குளத்தில் கழிவு சிதையும்போது கிளம்பும் எரிவாயு. திறந்த குளத்திலிருந்து அது சும்மா காற்றில் போகிறது, மூடிப் பிடித்தால் மின்சாரமே எடுக்கலாம். ஏன் இன்னும் மூடவில்லை என்றும் கேட்டுவிடுங்கள். மலாய் சரளமாக வராதா? சரி, தமிழிலேயே எழுதிக்கொண்டு போய் யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.