எழுதியாயிற்று என்று டிஸ்க் சொன்னால் நம்பலாமா? டேட்டாபேஸுக்கு டிஸ்க் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பில்லிங் மென்பொருளுக்காகச் சின்ன சர்வர் ஒன்று வாங்குகிறோம். உள்ளே ஓடுவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நொடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் போட்டிருக்கும் சாதாரண எஸ்எஸ்டி போதுமா? சர்வர் எஸ்எஸ்டி விலையும் அதிகம், போட்டிருக்கும் வேகமும் குறைவு.

பதில்: சர்வர் எஸ்எஸ்டியையே வாங்குங்கள். அந்த 7,000 என்பது பெரிய ஃபைல் ஒன்றை ஒரே ஓட்டமாகப் படிக்கும் வேகம். டேட்டாபேஸின் வேலை அப்படி இல்லை. ஒரு பில்லைச் சேமிக்கும்போது, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் லாக் ஃபைலின் கடைசியில் சில கேபி எழுதும். உடனே இயங்குதளத்திடம் "இது டிஸ்கில் நிலையாகப் பதிந்ததும் சொல்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். இந்த அழைப்புக்குப் பெயர் எஃப்சிங்க். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் லாக்குக்கு வழக்கமாகப் பயன்படுத்துவது அதன் தம்பியான எஃப்டேட்டாசிங்க். பதில் வந்த பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வரும். எனவே காத்திருக்கும் அந்த நேரம்தான் உங்கள் வேகம்.

சாதாரண எஸ்எஸ்டி எழுத வந்ததை முதலில் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொள்கிறது. மின்சாரம் போனால் அது அழியும். அதனால் ஒவ்வொரு எஃப்சிங்க்கின்போதும் ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் இயங்குதளப் பகுதி) 'கேஷைக் காலி செய்' என்று கட்டளை அனுப்ப, டிஸ்க் ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடிக்கும்வரை எல்லாம் நிற்கும். இது மில்லிநொடிக் கணக்கில் ஆகலாம். சர்வர் எஸ்எஸ்டியின் பலகையில் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். மின்சாரம் அறுந்தாலும், கேஷில் உள்ளதை ஃபிளாஷில் கொட்டி முடிக்கும் அளவுக்கு அவற்றில் சக்தி உண்டு. அந்தத் தைரியத்தில் டிஸ்க் மைக்ரோநொடிகளில் பதில் சொல்லிவிடும். கூடுதல் விலை இதற்குத்தான், நியாயமான விலை.

வாங்கும்போது விவரத்தாளில் 'பவர் லாஸ் புரொடெக்‌ஷன்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஏற்கெனவே ஃபிளாஷில் பதிந்ததை மட்டும் காக்கும் அரைகுறைப் பாதுகாப்பையும் சிலர் இதே பெயரில் விற்கிறார்கள். கேஷில் இருப்பதும் காக்கப்படும் என்று எழுதியிருக்க வேண்டும். எம்.2 வகை சர்வர் எஸ்எஸ்டிகள் பலவும் 110 மிமீ நீளம். மேசைக் கணினி போர்டுகளில் பெரும்பாலும் 80 மிமீக்குத்தான் இடம். அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஆயுளுக்கு, 'ஒரு நாளைக்கு எத்தனை முறை முழுக்க எழுதலாம்' என்ற எண்ணைப் பாருங்கள். 960 ஜிபி டிஸ்க், நாளுக்கு 1 முறை, 5 ஆண்டு உத்தரவாதம் என்றால் மொத்தம் 1,752 டிபி எழுதலாம். பில்லிங்குக்கு இது தாராளம்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் சோதித்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியை, டேட்டாபேஸ் இருக்கப்போகும் அதே டிஸ்கில் ஒரு ஃபைல் கொடுத்து ஓட்டினால், நொடிக்கு எத்தனை எஃப்டேட்டாசிங்க் முடிகிறது என்று காட்டும். எண் பெரிதாக இருந்தாலே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றும். எழுதிய இடத்திலேயே மறுபடி எழுத ஒரு முழுச் சுற்று வேண்டும். அதில் 5,000 என்று வந்தால், நடுவில் ஏதோ ஒரு கேஷ் எழுதாததை எழுதியதாகச் சொல்கிறது. பேட்டரி உள்ள ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் அட்டை) என்றால் பரவாயில்லை. யூஎஸ்பி டிஸ்க் பெட்டி என்றால் டேட்டாபேஸை அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: எந்த ஃபைல் சிஸ்டம் போடலாம்? ஜர்னல் (ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இருந்தால் டேட்டா பத்திரம்தானே?

பதில்: எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ். இரண்டுக்கும் இடையே இவ்வளவு சின்ன சர்வரில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஜர்னல் பற்றி நீங்கள் நினைப்பது சரியல்ல. வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது ஃபைலின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விவரங்களை மட்டுமே. ஃபைலுக்குள் இருப்பதை அல்ல. டேட்டாபேஸ் ஒரு தடவைக்கு எழுதும் துண்டுக்குப் பக்கம் என்று பெயர். போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கேபி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் 16 கேபி. டிஸ்க் 4 கேபி எழுதியதும் மின்சாரம் போனால் பக்கத்தின் ஒரு பாதி புதிது, மறுபாதி பழையது. இதற்காகவே போஸ்ட்கிரெஸ் முழுப் பக்கத்தையும் லாக்கில் ஒரு முறை எழுதிவைக்கிறது, இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை எழுதுகிறது. வேகத்துக்காக இவற்றை அணைக்காதீர்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு மாற்றமும் புது இடத்துக்குப் போவதால் டேட்டாபேஸ் ஃபைல் துண்டு துண்டாகும். காலி ஃபோல்டரிலேயே இப்படிப் புது இடத்தில் எழுதும் வசதியை அணைத்துவிடலாம். அதோடு, டேட்டா கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் செக்சம் பாதுகாப்பும் போய்விடும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என்றால், 128 கேபி என்றிருக்கும் ரெக்கார்டு அளவை (ஃபைலைப் பிரித்து எழுதும் துண்டின் அளவை) டேட்டா ஏற்றும் முன்பே டேட்டாபேஸின் பக்க அளவுக்கு ஏற்பக் குறையுங்கள். ஏற்கெனவே எழுதிய ஃபைல்களுக்குப் புது அளவு பொருந்தாது. 'பேரியரை (கேஷைக் காலி செய்யச் சொல்லும் கட்டளையை) அணைத்தால் வேகம் கூடும்' என்ற பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸிலிருந்து அதை லினக்ஸ் 4.19-இலேயே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: எஸ்க்யூலைட் (முழு டேட்டாபேஸையும் ஒரே ஃபைலில் வைக்கும் மென்பொருள்) ஃபைலை என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டியில்) வைத்து மூன்று கணினிகளில் திறக்கலாமா?

பதில்: கூடாது. மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் அதன் புது முறைக்கு எல்லாரும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர வேண்டும். நெட்வொர்க் வழியே அது நடக்காது. பழைய முறையோ ஃபைல் பூட்டுகளை நம்பியிருக்கிறது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டங்களில் அந்தப் பூட்டு பல நேரம் சரியாக விழாது. இருவர் ஒரே நேரத்தில் எழுதி ஃபைல் கெடும். ஒரு கணினியில் டேட்டாபேஸ் சர்வர் போட்டு, மற்றவை அதனோடு பேசட்டும். என்ஏஎஸ் பேக்கப்புக்கு நல்லது. ஆனால் திறந்திருக்கும் ஃபைலை அப்படியே காப்பி எடுக்காமல், எஸ்க்யூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளையால் எடுங்கள்.

கேள்வி: யூபிஎஸ் இருக்கிறது. எஃப்சிங்க்கை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பவர் சப்ளை எரிவது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உறைவது, யாரோ பட்டனை அழுத்திப் பிடிப்பது, எதையும் யூபிஎஸ் தடுக்காது. அப்போது டேட்டாபேஸ் முழுவதுமே கெடலாம். வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸில் 'சின்க்ரனஸ் கமிட்' என்பதை மட்டும் அணையுங்கள். வழக்கமான அமைப்பில் கடைசி 0.6 நொடிக்குள் வந்தவை மட்டுமே போகக்கூடும், மற்றவை கெடாது. பணக் கணக்குக்கு இதுவும் ஏற்றதல்ல.

கேள்வி: எஃப்சிங்க் பிழை என்று பிழைப் பதிவில் எழுதிவிட்டு டேட்டாபேஸ் தானாக நின்று மறுபடி கிளம்பியது. டிஸ்கை உத்தரவாதத்தில் மாற்றலாமா?

பதில்: போஸ்ட்கிரெஸ் தெரிந்தேதான் நின்றது. எழுத முடியாமல் போனால் லினக்ஸ் ஒரு முறை பிழை சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கத்தை எழுதியாயிற்று என்று குறித்துவிடக்கூடும். அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று வரும். 2018-இல் இது பெரிய விவாதமானது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாமல் நின்று, மாற்றங்களைக் குறித்த லாக்கிலிருந்து மீட்டுக்கொள்கிறது. உங்கள் பதிப்பு அதைவிடப் பழையது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

முதல் வேலையாக வேறு டிஸ்கில் பேக்கப் எடுங்கள். பிறகு அதே நேரத்துக் கெர்னல் லாக்கைப் பாருங்கள். இடம் தீர்ந்தது என்றிருந்தால் டிஸ்க் மேல் குற்றமில்லை. படிக்க, எழுத முடியவில்லை என்று டிஸ்கின் பெயரோடு இருந்தால், ஸ்மார்ட் அறிக்கையையும் (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே தரும் விவரம்) சேர்த்துச் சேமித்து உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள். பழுதான டிஸ்கை அழித்துவிட்டு அனுப்புவது பல நேரம் முடியாது. வாடிக்கையாளர் விவரம் அப்படியே போகும். மாற்று டிஸ்க் வந்ததும், டேட்டா ஏற்றும் முன்பே முழு டிஸ்க்கையும் என்க்ரிப்ட் செய்துவிடுங்கள்.