கடல் இல்லாத மாவட்டம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு இலங்கை போயிருந்தேன். அங்கே காலி என்ற துறைமுக ஊரின் கோட்டைக்குள் பழைய டச்சுக் கிடங்கு ஒன்றில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது என்றார்கள். பிள்ளைகளை மதில்மேல் விளையாட விட்டுவிட்டு நான் மட்டும் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். படகு மாதிரிகள், ஒரு திமிங்கல எலும்புக்கூடு, மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சில சாமான்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான்.

எங்களுக்குக் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம். எங்கள் மாவட்டத்தில் கடலே கிடையாது. பாலாற்றில்கூடத் தண்ணீர் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இவ்வளவு சிறிய அருங்காட்சியகங்களை அரசு செலவு செய்து நடத்தத்தான் வேண்டுமா? நீங்கள் வேலூர்க்காரர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ர., குடியாத்தம்

அன்புள்ள ர.,

நீங்கள் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். அங்கே இருப்பவற்றுள் மிகப் பெரிய காட்சிப்பொருள் அந்தக் கிடங்குதான். அதற்கு யாரும் விளக்க அட்டை எழுதி வைப்பதில்லை. நாமும் அதற்குள்ளேயே நின்றுகொண்டு வேறெதையோ தேடுகிறோம்.

காலியை 1640-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். பிறகு துறைமுகத்தைப் பார்த்த பக்கத்தில், கோட்டை மதிலை ஒட்டி இந்த நீளமான கிடங்கைக் கட்டினார்கள். கோட்டையின் பழைய வாயில் இந்தக் கட்டடத்தின் வழியாகவேதான் போகிறது. நீங்களும் அதில் நுழைந்துதான் போயிருப்பீர்கள். உள்பக்கம் திரும்பி அண்ணாந்து பார்த்தீர்களா? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கும், மேலே ஒரு சேவலும் உண்டு. வெளிப்பக்கம் இருப்பது ஆங்கிலேய அரசச் சின்னம். அது பின்னால் வந்தவர்கள் வைத்தது.

ஒரு நகரத்தின் வாயிலைக் கிடங்குக்குள் கொண்டுபோய் எதற்கு வைக்க வேண்டும்? துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே போகும் ஒவ்வொரு மூட்டையும் கம்பெனிக் கணக்கரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். நம் மளிகைக்கடைக்காரர் கல்லாவை வாசலை மறித்துப் போட்டுக்கொண்டு உட்காருவதுபோல. அன்று அவர்களுடைய பொன்முட்டை கருவாப்பட்டை. கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதை உரிக்கவோ விற்கவோ கூடாது. மீறினால் மரண தண்டனை வரை உண்டு. கருவாப்பட்டை என்ன விலை விற்றது என்பதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். அந்த விலையை எப்படிக் காவல் காத்தார்கள் என்பதை அந்த வாயிலில் நின்றால்தான் உணர முடியும். 1873-இல் ஆங்கிலேயர் வேறொரு வாயிலைத் திறக்கும்வரை ஊருக்குள் போகும் பெருவழி இதுவாகவே இருந்தது.

சரி, இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் கிடங்கு ஏன் இடிபடவில்லை? காலித் துறைமுகம் தோற்றுப்போனதால்தான். நீராவிக் கப்பல்களின் காலத்தில் காலி நிலக்கரி ஏற்றும் முக்கியமான நிறுத்தமாக இருந்தது. ஆனால் துறைமுகத்துக்குள் பாறைகள் அதிகம், தென்மேற்குப் பருவக்காற்றில் பாதுகாப்பும் குறைவு. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். பத்தாண்டில் அது முடிந்தது. கப்பல்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. வியாபாரம் ஓடும் துறைமுகம் தன் பழைய கட்டடங்களை நிற்க விடாது. சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று, 1850-இல் இங்கே என்ன இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள், முடியாது. காலியில் முடிகிறது. கோட்டை 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கும் அந்தத் தோல்விக்கு நாம் ஓரளவு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்து, "மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சில சாமான்கள்". இந்த ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, ர. அவற்றில் முக்கியமானவை அவொன்ட்ஸ்டெர் என்ற கப்பலைச் சேர்ந்தவை. அது முதலில் ஆங்கிலேயரின் கப்பல். 1653-இல் டச்சுக்காரர்கள் பிடித்துப் பெயரை மாற்றி ஓட்டினார்கள். 1659 ஜூலை 2 அன்று காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவித் தரைதட்டி உடைந்தது. கரைக்கு வெகு அருகில்தான், ஆழமும் அதிகமில்லை. இருந்தும் 1993 வரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அது அப்போது என்ன சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது தெரியுமா? பாக்கு. நம் கரைக்கு வர வேண்டிய பாக்கு. உங்கள் ஊர்க் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டைப் பார்க்கும்போது மைசூர்ப் பாக்கா, கேரளத்துப் பாக்கா என்று கேட்போம். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை மென்ற பாக்கில் இலங்கைப் பாக்குக்குப் பெரிய பங்கு இருந்தது. அங்கிருந்து பாக்கும் யானையும் இங்கே வந்தன. இங்கிருந்து அரிசியும் துணியும் அங்கே போயின.

அந்தச் சாமான்கள் வந்து சேர்ந்த கதையும் லேசானதல்ல. நூற்றாண்டுக் கணக்கில் கடலடியில் கிடந்த இரும்பையோ மரத்தையோ வெளியே எடுத்து அப்படியே உலர விட்டால், உள்ளே ஊறிய உப்பு படிகமாகி, பொருள் வெடித்து உதிர்ந்துவிடும். மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கில், நன்னீரில் ஊற வைத்து உப்பை வாங்க வேண்டும். அதற்காகக் காலியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்துப் பொறுமையாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கூடத்துக்குள் புகுந்து, எடுத்த பொருள்களில் பலவற்றைத் திரும்பக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் அரை மணியில் பார்த்துவிட்டு வந்தவற்றில் சில, கடலிடமிருந்து இரண்டு முறை மீட்டவை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைக்காதது அருங்காட்சியகத்தின் குறைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். "பானை, 17-ஆம் நூற்றாண்டு" என்று எழுதி வைத்தால் பார்ப்பவர் கொட்டாவிதான் விடுவார்.

இனி உங்கள் பெரிய கேள்வி. கடல் இல்லாத மாவட்டத்துக்காரருக்கு அங்கே என்ன இருக்கிறது?

துணி வியாபாரி இதைக் கேட்கலாமா? துறைமுகக் கிடங்கு என்பது வழியில் ஒரு தங்குமிடம். சரக்கு புறப்படும் இடம் எப்போதும் உள்நாடுதான். நம் பாலாறு கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து சில மைல் தூரத்தில் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்களின் கோட்டை. வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கட்டிய இன்னொரு கோட்டை. இரண்டிலும் அவர்கள் தேடி வந்தது துணிதான். ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் விற்றவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியை விரும்பிக் கேட்டார்கள். அதனால் தரகர்கள் கம்பெனிப் பணத்தை எடுத்துக்கொண்டு உள்நாட்டு நெசவூர்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துத் தறிகளைப் பிடித்துவைத்தார்கள். முன்பணம் வாங்கிய தறிக்காரரின் நிலைமை என்ன என்பதை நான் குடியாத்தத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்திலும் இதேதான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து எங்கே வந்தது? வாலாஜா ரோட்டுக்கு. கடற்கரையிலிருந்து கிளம்பிய முதல் தண்டவாளம் நேராக வட ஆற்காட்டுக்குள் வந்து நின்றது. நம் அழகைப் பார்க்க வரவில்லை. அப்போது சென்னையில் முறையான துறைமுகம்கூட இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலையைத் தாண்ட வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். காலியில் நீங்கள் மாதிரிப் படகுகளைப் பார்த்தபோது தையல் எங்காவது கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. இந்துமாக்கடலின் இந்தப் பக்கமெல்லாம் படகைத் தைத்துக் கட்டும் தொழில்நுட்பம் பழையது. இன்றைக்கு ஆம்பூர் ஷூவும் ராணிப்பேட்டைத் தோலும் கன்டெய்னரில் ஏறி அதே கடலுக்குப் போகின்றன. அதற்கான விலையைப் பாலாறு கொடுத்தது என்பது வேறு கதை, இன்னொரு கடிதத்தில் பேசலாம்.

வேலூருக்கும் இலங்கைக் கடலுக்கும் இதைவிட நேரான ஓர் உறவு உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் உறவில் வந்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. 1798-இல் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்து, 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டான். 1816 ஜனவரி 24 அன்று அவனையும் குடும்பத்தையும் கொழும்பில் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். மலைநாட்டு அரசன், கடலோரம் முழுவதும் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்நியர் கையில் இருந்தது. அப்படிப்பட்டவனுக்குக் கடைசியில் கிடைத்த பெரிய பயணம் கடல் பயணம். கூடப் போன வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி அந்தப் பயணத்தைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து வேலூர்க் கோட்டை. 1806 புரட்சிக்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டதால் கோட்டையில் அரச கைதிகளுக்கான இடம் இருந்தது. கோட்டைக்குள் கண்டி மகால் என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்தத் தொடர்பில் வந்ததுதான். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் நினைவிடம்; 1990-இல் தமிழக அரசு கட்டியது.

அந்தக் கப்பலைப் பற்றி ஒரு செய்தி, சும்மா சுவைக்காக. கார்ன்வாலிஸ் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1813-இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல். 1842-இல் அபினிப் போரில் தோற்ற சீனா ஆங்கிலேயரோடு நான்ஜிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இதே கப்பலின் மேல்தான். அந்த நான்ஜிங்கிலிருந்துதான், அதற்கு நானூறு ஆண்டுக்கு முன்பு, தளபதி செங் ஹே தன் கப்பற்படையில் ஒரு கல்வெட்டைக் காலிக்குக் கொண்டுவந்தார். 1409 என்று தேதியிட்ட கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னிலங்கைக் கோயிலின் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறையிலும் காணிக்கைகளைச் சொல்கிறது. பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வியாபாரிகள் எந்தச் சாமியையும் விட்டுவிடக் கூடாது என்ற கவனம். 1911-இல் காலியில் ஒரு மதகில் மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியாளர் கவனித்தார். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பேரரசன் காலியில் பேச மூன்று மொழி தேர்ந்தெடுத்தபோது அதில் ஒன்று தமிழ். உங்கள் பயணத்தில் கொழும்பு இருந்திருந்தால், அதைப் பார்க்காமல் வந்தது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

அரசு செலவு செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். செய்ய வேண்டும். சிறிதாகவே வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் பொருளை அதன் இடத்திலிருந்து பிடுங்கிக் குளிர்பதன அறையில் வைக்கின்றன. கிடங்கில் கருவாப்பட்டை இருந்த இடத்திலேயே நின்று கருவாப்பட்டை வியாபாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ கிடைக்காது. செலவு செய்ய வேண்டியது புதிய கூரைக்கும் ஒலி ஒளிக் காட்சிக்கும் இல்லை; நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அட்டைகளைத் திருப்பி எழுத வைக்க வேண்டும், வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் ஊர் அருங்காட்சியகங்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

குடியாத்தத்திலிருந்து வேலூர் பஸ் எப்போதும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். முதலில் முத்து மண்டபம், பிறகு கோட்டை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால் நல்லது. பள்ளி விடுமுறையில் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன, கற்களில் செதுக்கிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். வரும்போது கடையில் பழைய ஏற்றுமதிக் கணக்குப் புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.